இருளாத முடிச்சுகள்

காந்தப்புலத்தின் துணைகொண்டு படம் எடுக்கும் முறையை 1973இல் பால் லாட்டர்பர் உலகிற்கு அறிவித்தார். அதற்காக அவரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையின் ஒரு பெருங்குறையைச் சுட்டிய ஆய்வொன்றும் அதே ஆண்டில் வெளிவந்ததை நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

புற்றுநோய் பரவியுள்ளதா என்பதை அறிய மருத்துவர்கள் நிணநீர் முடிச்சுகளை நோக்குவர். எம்.ஆர்.ஐ. படமோ முடிச்சின் அளவையும் வடிவத்தையுமே காட்டும். ஆகவே பருத்த முடிச்சு ஐயத்திற்குரியது, சிறியது நலமுடையது என்பதே வழக்கமான அளவுகோலாக இருந்தது.

பாஸ்டன், நைமேகன் நகரங்களின் ஆய்வாளர்கள் டெக்ஸ்ட்ரான் உறையிட்ட இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைப் புராஸ்டேட் புற்றுநோயாளர் 80 பேரின் குருதியில் செலுத்தினர். நலமுள்ள முடிச்சுகளிலுள்ள விழுங்கணுக்கள் அத்துகள்களை உட்கொள்கின்றன. இரும்பின் காந்தத்தன்மையால் அம்முடிச்சு படத்தில் இருள்கிறது. புற்று குடிகொண்ட பகுதியில் அவ்வணுக்கள் இல்லை. அது வெளிறியே நிற்கிறது. ஆராயப்பட்ட 334 முடிச்சுகளில் 63இல் புற்று இருந்தது. அவற்றுள் 45 முடிச்சுகள் பழைய அளவுகோலின்படி ஐயத்திற்கு இடமளிக்காதவை! பழைய முறை நோயுற்ற முடிச்சுகளில் 35.4 விழுக்காட்டையே கண்டது. புதிய முறை 90.5 விழுக்காட்டைக் கண்டது.

எனினும் 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு இம்மருந்தை ஆதரிக்கவில்லை. ஐரோப்பிய விண்ணப்பமும் 2007இல் திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஆய்வின் வெற்றி, எல்லாப் புற்றுநோய்க்கும் உரிய சான்றாகிவிடாது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், நோய் இல்லையென்று பொய்யாகத் தேறுதல் பெற்றவனின் இழப்பை எந்தத் தராசில் நிறுப்பது? நைமேகன் மருத்துவர்கள் இம்முறையைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் அத்துகளை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர்.

இத்துகள்கள் நலத்தைச் சுட்டி, நோயை மறைமுகமாகவே உணர்த்தின. துகளின் மேல் எதிர்ப்பொருளைப் பிணைத்து, புற்றணுவையே நேரில் நாடச் செய்வது அடுத்த முயற்சி. அங்கே கல்லீரலும் மண்ணீரலும் துகள்களை வடித்தெடுத்துவிடுவது பெருந்தடையாக நிற்கிறது.

பார்க்கும் கருவி வளர்ந்தால் மட்டும் போதாது. கண்டதை எதுகொண்டு அளக்கிறோம் என்பதும் வளர வேண்டும். சிறியதெல்லாம் தீங்கற்றதன்று என்பதே அந்த 45 முடிச்சுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.