எண்ணெய் தொடாத தடை, ஆயுதம் தராத ஆதரவு

1935 அக்டோபர் 3 அன்று இத்தாலியப் படைகள் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தன. சில நாட்களிலேயே சர்வதேச சங்கம் இத்தாலியைக் குற்றவாளியாக அறிவித்தது; நவம்பர் 18இல் பொருளாதாரத் தடைகள் நடப்புக்கு வந்தன. ஏழு மாதப் போருக்குப் பின் 1936 மே 5இல் அடிஸ் அபாபா வீழ்ந்தது. தடைகளால் போரை நிறுத்த முடியாது என்போர் இன்றும் முதலில் காட்டும் சான்று இதுதான். ஆனால் அந்தச் சான்று அவர்கள் சொல்வதை மெய்ப்பிக்கவில்லை.

விதிக்கப்பட்ட தடை எதைத் தொட்டது என்று பார்க்க வேண்டும். இத்தாலியின் ஏற்றுமதிக்கும் கடன் வசதிக்கும் வழி அடைக்கப்பட்டது. படையெடுப்புக்கு இன்றியமையாத எண்ணெய், நிலக்கரி, எஃகு ஆகியவை பட்டியலில் இல்லை. இத்தாலியத் துருப்புக் கப்பல்கள் போர் முழுவதும் சூயஸ் கால்வாய் வழியே தடையின்றிச் சென்றன. எண்ணெயும் தடைப்பட்டிருந்தால் ஒரே வாரத்தில் பின்வாங்க நேர்ந்திருக்கும் என்று முசோலினி 1938இல் மியூனிக்கில் கூறியதாக, ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் பவுல் ஷ்மிட் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேச்சில் மிகை இருக்கலாம்; ஆயினும் எந்தத் தடைக்கு அவர் அஞ்சினார் என்பது அதில் தெளிவு.

மறுபுறம், படையெடுப்புக்கு முந்தைய மாதங்களில் பிரிட்டன் இரு தரப்புக்கும் ஆயுத ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. சொந்தமாக ஆயுதம் உற்பத்தி செய்த இத்தாலிக்கு இதனால் இழப்பில்லை. கடற்கரை இல்லாத எத்தியோப்பியாவுக்கோ அது கையைக் கட்டிப்போட்டதற்கு ஒப்பு. அக்டோபரில் அந்த விலக்கம் நீங்கியபோது ஆயுதம் வாங்கப் பேரரசரிடம் பணமில்லை. தற்காத்துக்கொள்ள நேரமும் இல்லை. டிசம்பர் முதல் கடுகு வாயு பொழிந்தது.

ஆயுத உதவி போரை நீட்டிக்கும், சாவைப் பெருக்கும் என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடு படையெடுக்கும்போது அது மேலும் கனம் பெறுகிறது. ஆனால் எத்தியோப்பியா விரைவில் தோற்றதால் சாவு நிற்கவில்லை. 1937 பிப்ரவரியில், ஆளுநர் கிராசியானி மீதான கொலை முயற்சிக்குப் பழிவாங்க, அடிஸ் அபாபாவில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டனர். உயிர்க் கணக்கில் ஆக்கிரமிப்பு ஆட்சியின் ஆண்டுகளையும் சேர்க்காத வாதம் முழுமை பெறாது.

தடை எதிரியின் வருங்கால வலிமையைக் குறைக்கிறது. ஆயுதம் இன்றைய எல்லையைக் காக்கிறது. முன்னது பலன் தரும்வரை காக்கப்பட வேண்டிய நாடு எஞ்சியிருக்க வேண்டும். ஆகவே முதலிடம் ஆயுதத்துக்கே. இவ்வரிசையை உக்ரைனிலும் காணலாம். 2022 பிப்ரவரி படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பு முடக்கப்பட்டது. ஆனால் எண்ணெயில் ஐரோப்பா தயங்கியது. கடல்வழி வரும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையும், பீப்பாய்க்கு 60 டாலர் என்ற விலை வரம்பும் டிசம்பர் 5இல்தான் நடப்புக்கு வந்தன. அதற்குள், ஆயுத உதவி பெற்ற உக்ரைனின் எதிர்ப்பால், கீவைச் சுற்றி நின்ற ரஷ்யப் படை பின்வாங்கிவிட்டது, கார்கிவ் மாகாணத்தின் பெரும்பகுதி மீட்கப்பட்டது, நவம்பரில் கெர்சன் நகரமும் உக்ரைன் வசமானது.