கரண்டியும் மெழுகுவர்த்தியும்: சிறுநீரக வைத்தியம் வந்த கதை

சர்க்கரை, பிரஷர் இரண்டோடு மூன்றாவதாக ஒரு வார்த்தை இப்போது நம் வயதுக்காரர்கள் பேச்சில் சேர்ந்துவிட்டது: டயாலிசிஸ். இந்த வைத்தியம் எங்கே பிறந்தது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது, வரும் வழியில் எதை விட்டுவிட்டு வந்தது என்பதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

பழைய பிரெஞ்சுப் புத்தகங்களில் 'மால் தெ பிரைட்' என்று ஒரு நோயின் பெயர் வரும். பிரைட்டின் நோய் என்று அர்த்தம். ரிச்சர்ட் பிரைட், லண்டன் கைஸ் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கால் வீங்கி வருகிறவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அது திரிந்தால் சிறுநீரில் புரதம் இறங்குகிறது, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று பொருள். 1827இல் இதைப் புத்தகமாகவே போட்டார். நோயைக் கண்டுபிடிக்க வழி கிடைத்தது. தீர்க்கத்தான் மருந்து இல்லை.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில், காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் ஓர் இயந்திரம் செய்தார். மரச்சட்ட உருளை ஒன்றில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டுச் சுத்தம் செய்தார். தொடக்கத்தில் வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார்.

பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் நடந்தது வேறு கதை. 1952 கிறிஸ்துமஸ் சமயம். மாரியுஸ் ரெனார் என்ற 16 வயதுத் தச்சுப் பையன் சாரத்திலிருந்து விழுந்து சிறுநீரகம் சிதைந்தது. அதை எடுத்த பிறகுதான், பிறவியிலேயே அவனுக்கு அந்த ஒன்றுதான் இருந்தது என்று தெரிந்தது. அவன் தாய் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். பேராசிரியர் ழான் ஆம்பர்ழேயின் குழு அதைப் பொருத்தியது. சுமார் மூன்று வாரம் வேலை செய்து நின்றுவிட்டது. பையன் பிழைக்கவில்லை. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யும் என்று உலகம் தெரிந்துகொண்டது.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்தி, திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். உடனே ஒரு சங்கடம். இயந்திரம் சில, நோயாளிகள் பலர். யாருக்குக் கொடுப்பது? ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேரைக் கூட்டி ஒரு குழு அமைத்தார்கள். வாழப்போவது யார் என்று அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அங்கே அதைப் பெரிய அநியாயம் என்று பத்திரிகைகள் எழுதின.

நம் பக்கத்துக்கு டயாலிசிஸ் வந்தது 1961இல், வேலூர் சி.எம்.சி. வழியாக. 1971இல் அதே ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை எடுத்து வெற்றிகரமாக மாற்றிப் பொருத்தினார்கள். ஆனால் யாருக்கு வைத்தியம் என்று முடிவு செய்ய இங்கே குழு எதுவும் அமைக்கவில்லை. அந்த வேலையை மடியில் இருந்த பணமே செய்தது.

என் உத்தியோக காலத்தில் மருத்துவச் செலவுப் பில்கள் என் மேசைக்கு வரும். டயாலிசிஸ் பில்லைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்: மாதாமாதம் ஒரே பெயர், வாரத்துக்கு இரண்டு ரசீது, எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட்டோடு தடியாகத் தைத்த கட்டு. ஒரு மாதம் அந்தக் கட்டு வராது. கொஞ்ச நாளில் அதே பெயரில் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் வரும். இவர்களாவது அரசு ஊழியர்கள். கொத்தனாருக்கும் மீன் விற்கிற அம்மாவுக்கும் பில் போட எந்த மேசையும் கிடையாது.

பணம் இல்லாதவர்கள் கடன்பட்டார்கள். கடன்பட்ட வேறு சிலர் சிறுநீரகத்தை விற்றார்கள். சென்னையில் அப்படி விற்ற 305 பேரிடம் விசாரித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவில்லை. விற்பனையைத் தடுக்க 1994லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2016 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 2.2 லட்சம் புதிய நோயாளிகள் கடைசிக் கட்டத்துக்கு வருகிறார்கள், ஒருவருக்கு ஆண்டுச் செலவு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் என்று அப்போது நிதியமைச்சர் சொன்னார். மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் கிடைப்பது பெரிய உதவி. சந்தேகமில்லை. ஆனால் கணக்கு எழுதியே பழகினவன் கேட்கிறேன்: 2.2 லட்சம் பேர் கடைசிக் கட்டத்துக்கு வருமுன் எங்கே இருந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒருவர் வேலை செய்தே பதில் காட்டினார். சென்னை டாக்டர் எம்.கே. மணி, இந்தியாவில் சிறுநீரக வைத்தியத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1990களின் பிற்பகுதியில், சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் ஒரு திட்டம் நடத்தினார். பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்தார்கள், சிறுநீரில் மருந்து விட்டுப் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதித்தார்கள். நோய் தெரிந்தவர்களுக்கு விலை மலிவான பழைய மாத்திரைகள். தலைக்கு ஆண்டுச் செலவு அரை டாலர்கூட இல்லை. பிரைட்டின் கரண்டிதான், மெழுகுவர்த்தி மட்டும் இல்லை.

ஆராய்ச்சியிலும் நமக்கு வேண்டியது நம் மண்ணில் இருக்கிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற பகுதி. தென்னையும் முந்திரியும் செழித்த ஊர்கள். சர்க்கரை, பிரஷர் இல்லாத விவசாயிகளுக்கும் அங்கே சிறுநீரகம் கெடுகிறது. இலங்கையில் அனுராதபுரம் பக்கத்திலும் அதே கதை. தண்ணீரா, பூச்சிமருந்தா, வெயிலில் உழைப்பதா என்று இன்னும் தீர்மானமாகவில்லை. பணக்கார நாடுகளில் இந்த நோய் பரவலாக இல்லை. ஆகவே இதன் காரணத்தை நாம்தான் தேடியாக வேண்டும்.

சர்க்கரையோ பிரஷரோ உள்ள நண்பர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். கிரியாட்டினின் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் பாதி வேலை போயிருக்கலாம். ஆல்புமின் அதற்கு முன்பே சொல்லிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். வீட்டில் இளையவர்களுக்கும் சொல்லுங்கள்.