அத்தானும் கொட்டேஷன் கவரும்

போன மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். திரும்பும் வழியில் உத்திரமேரூரில் இறங்கி, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஊரில் 30 குடும்பு. ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள்.

நாம் வேகமாகத் தாண்டிப்போகிற பகுதி ஒன்று அதில் உண்டு. யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனோடு நிற்கவில்லை. அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், மருமகன் என்று ஒவ்வோர் உறவாக எண்ணி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கூட வந்தவர் விளக்கிக்கொண்டிருந்தார். சகோதரியின் கணவன் என்ற இடத்தில் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது சிறிய கொள்முதலுக்கெல்லாம் பத்திரிகை விளம்பரம் கிடையாது. நாலைந்து கடைகளுக்குக் கடிதம் போட்டு மூடிய கவரில் விலைப்புள்ளி கேட்போம். குறித்த நாளில் கவர்களைப் பிரித்து ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்போம். குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். எந்தக் கடைக்குக் கடிதம் போவது என்பதைப் பெரும்பாலும் குமாஸ்தாவே எழுதி வைப்பார். மேலே கையெழுத்துப் போடுகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை.

அக்காள் கணவர் அந்தச் சமயம் ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான் கடை ஆரம்பித்திருந்தார். "மாப்ளே, நமக்கும் ஒரு லெட்டர் போடேன். விலையைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே என்று போட்டேன். வேதியியல் துறைக்குப் பீக்கர், பிப்பெட், பியூரெட். அத்தான் விலைதான் குறைவு. சாமானும் தரமாகவே வந்தது. அடுத்த வருஷமும் அப்படியே.

இரண்டாம் முறை ஆர்டர் போன பிறகு, பல வருஷமாக எங்களுக்குச் சப்ளை செய்துவந்த ஒரு பெரியவர் ஆபீசுக்கு வந்தார். இருவர் விலைக்கும் வித்தியாசம் ரொம்பச் சொற்பம். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, கவர் எல்லாம் உங்க பீரோவுலதானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் எந்தக் கவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. அத்தானிடம் எவர் விலையையும் சொல்லவில்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பேன்? அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் பிரிவு அலுவலரிடம், கடைக்காரர் என் அக்காள் கணவர், இந்தக் கோப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "அத்தான் உன் குடும்பத்துல வரமாட்டாரேப்பா!"

அவர் சொன்னது சரிதான். அந்த விதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இதைப் பற்றிய பிரிவுகள் வந்துவிட்டன. வியாபாரம் செய்யக் கூடாத அரசு ஊழியர் வியாபாரம் செய்தால் 168ஆம் பிரிவு. வாங்கக் கூடாத சொத்தைத் தன் பெயரிலோ பிறர் பெயரிலோ வாங்கினால் அல்லது ஏலம் கேட்டால் 169ஆம் பிரிவு; இரண்டாண்டு வரை சிறை. இரண்டும் ஊழியரே லாபம் பார்ப்பதைத் தடுத்தவை. உறவினர் கடைக்கு ஆர்டர் போவதைப் பற்றி அவற்றில் பேச்சே இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962இல், நம் கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைந்தது. 1964இல் அறிக்கை வந்தது. அதே ஆண்டில் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளும் வந்தன. அதன் 4ஆவது விதி, தன் குடும்பத்தார் வேலை பார்க்கிற அல்லது அக்கறை கொண்ட நிறுவனத்தின் ஒப்பந்தத்தை ஊழியர் கையாளாமல் மேலதிகாரியிடம் விட்டுவிட வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் குடும்பம் என்றால் யார்? மனைவி அல்லது கணவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள், ஊழியரை முழுக்கச் சார்ந்திருக்கும் பிற உறவினர். சொந்தக் கடை வைத்துச் சம்பாதிக்கும் அத்தான் எவரைச் சார்ந்திருக்கிறார்? எங்கள் பல்கலைக்கழக விதியும் இதே சாயலில்தான் இருந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு கொள்முதலைப் பற்றியது அல்ல, கணக்குக் காட்டாதவனின் உறவினரைப் பற்றியது. இருந்தாலும், நம் ஊரில் யார் பேச்சுக்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியாது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சோறு போடுகிற உறவை மட்டும் அவர்கள் உறவென்று எண்ணவில்லை.

பிரிவு அலுவலர் சிரித்தாலும் கோப்பை மாற்றிக் கொடுத்தார். கடிதம் போகும் பட்டியலிலிருந்து அத்தான் கடையை நானே அடித்தேன். அக்காள் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. என் மகள் காது குத்துக்கு, தாய்மாமன் முறைக்கு ஆள் வந்தது, அத்தை வரவில்லை. "என்னைத் திருடன்னு எழுதிக் கொடுத்துட்டியே" என்று அத்தான் கேட்டதற்கு இன்றுவரை சரியான பதில் என்னிடம் இல்லை. அவர் திருடர் இல்லை என்று காட்டத்தான் எழுதிக் கொடுத்தேன் என்றால் அவருக்குப் புரியவா போகிறது?

பிறகு காலம் மாறியது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலும் அதற்கான விதிகள் 2000இலும் வந்தன. டெண்டர் புல்லட்டின், எல்லோர் முன்னிலையிலும் கவர் பிரிப்பது என்று பல நல்ல வழக்கங்கள் நிலைத்தன. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 175ஆவது விதி, நலன் முரண் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் சேர்த்தே சொல்கிறது. அதை முன்கூட்டியே தெரிவிப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் எழுதிக் கொடுத்தது இரண்டு ஆர்டர் போன பிறகு. முதல் கடிதத்துக்கு முன்பே கொடுத்திருந்தால் அந்தப் பெரியவர் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவர் இப்போது இல்லை. அத்தானும் போய்விட்டார். உத்திரமேரூரிலிருந்து அன்றிரவே அக்காளுக்குப் போன் செய்து, கல்வெட்டில் உன் வீட்டுக்காரரையும் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். "அப்பவே உன்னை மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க பாரு" என்றாள். திட்டினாளா, சிரித்தாளா தெரியவில்லை.