படமில்லாத பாட்டு

கிட்டப்பா, சுந்தராம்பாள் கிராமபோன் தட்டுகளோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தமிழ் பேசும்படம் வந்தது 1931-ல். அதற்கு முன்பே தமிழ்ப் பாட்டு தட்டில் ஏறி விற்றது. நாடக மேடைதான் அதற்கு விளம்பரம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக இசையை ஆராய்ந்த பத்மநாபனின் ஊரான அரிமளத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. விடிய விடிய வள்ளி திருமணம் பார்க்கும் வட்டாரம் இது.

அறுபது ஆண்டு கழித்து, 1991-ல், படமும் மேடையும் இல்லாமல் ஒரு ஆல்பம் வந்தது: 'செட் மீ ஃப்ரீ'. பாடியவர் மால்குடி சுபா, வெளியிட்டது மேக்னாசவுண்ட். பாட்டுகள் ஆங்கிலத்தில். இசையமைப்பாளருக்கு அப்போது இருபத்துநான்கு வயது. திலீப் என்ற பெயரில் இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர், சிவமணியோடு 'ரூட்ஸ்' குழுவில் இருந்தவர், லியோ காபி விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டவர்: ஏ.ஆர்.ரகுமான்.

ஆல்பம் போகவில்லை. வந்ததே பலருக்குத் தெரியாது.

மெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது மக்கள் காதுக்குப் போக வழியே இல்லை என்பதுதான் என் கணிப்பு. அன்றைய சிற்றூர்க் கேசட் கடையை நினைத்துப் பாருங்கள். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியல் எழுதிய துண்டுச் சீட்டையும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். அந்தச் சீட்டில் பாட்டின் முதல் அடிக்குப் பக்கத்தில் படத்தின் பெயர் இருக்கும். படம் இல்லாத பாட்டைக் கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது? வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் என்று எங்கும் சினிமாதான். விலக்கு சாமிக்கு மட்டும். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, நாகூர் ஹனிபா, டி.எம்.எஸ்ஸின் முருகன் பாட்டு எல்லாம் படமில்லாமலே விற்றன. ஆடி மாதமும் கந்தூரியும் கிருத்திகையும் அவற்றுக்கு மேடை போட்டுக் கொடுத்தன. (ரகுமானின் முதல் கேசட்டும் இந்த வகைதான்: 1989-ன் 'தீன் இசை மாலை', இஸ்லாமியப் பக்திப் பாடல்கள்.) ஆங்கில பாப்புக்கு எந்தத் திருவிழா?

ஆங்கிலம் கேட்டவர்களும் உதவவில்லை. மைக்கேல் ஜாக்சன் கேசட் வாங்குகிற சென்னை மாணவனுக்கு உள்ளூர்க் குரல் எதற்கு?

1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வெளியானது. அதே ரகுமான், ஆனால் இப்போது சீட்டில் எழுதப் படத்தின் பெயர் இருந்தது. மேக்னாசவுண்டும் ஓயவில்லை. அதே ஆண்டு பாபா சேகலின் 'தண்டா தண்டா பானி'யையும், 1995-ல் அலிஷாவின் 'மேட் இன் இண்டியா'வையும் இந்தியில் விற்றுக் காட்டியது. அவற்றைச் சுமந்தது டிஷ் ஆன்டெனா. இங்கே 1993-ல் சன் டிவி வந்தது. அதிலும் ஓடியது சினிமாப் பாட்டுதான்.

(தொடரும்)