மின்பகுளியின் பக்கமிருந்து ஒரு மின்கல வரலாறு

லித்தியம் மின்கலத்தின் வரலாறு பெரும்பாலும் மின்முனைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும் மின்முனைப் பொருள்களை உருவாக்கிய மூவருக்கே சென்றது. இரு முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் மின்பகுளி அக்கதையில் ஓரமாகவே நிற்கிறது. ஆயினும், இன்று நம் கையிலிருக்கும் மின்கலத்தின் வடிவைத் தீர்மானித்ததில் மின்பகுளியின் இயலாமைக்குப் பெரும் பங்குண்டு.

1970-களில் எக்ஸான் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் உருவாக்கிய கலத்தில் ஒருமுனை டைட்டானியம் டைசல்ஃபைடு. மறுமுனை லித்தியம் உலோகம். தொடக்கத்தில் மின்பகுளியாக அமைந்தது டையாக்சோலேனில் கரைத்த லித்தியம் பெர்குளோரேட். அயனிகளை நன்கு கடத்திய அக்கரைசல் வெடிக்கும் இயல்பும் உடையதாதலால், வேறு உப்பைத் தேட நேர்ந்தது. உப்பை மாற்றியும் அடிப்படைச் சிக்கல் நீங்கவில்லை. மின்னேற்றத்தின்போது லித்தியம் சீராகப் படியாமல் ஊசிகளாகக் கிளைத்து வளரும். அவை எதிர்முனையைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். வெப்பம் பெருகிக் கரைப்பான் தீப்பற்றும்.

இந்த இடர் 1989-இல் சந்தையிலேயே வெளிப்பட்டது. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் விற்ற லித்தியம் உலோகக் கலங்கள் ஜப்பானில் கைபேசிகளில் தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்பே, 1985-இல், அகிரா யோஷினோ உலோகத்துக்கு மாற்றாகக் கரிமப் பொருளைக் கொண்டு கலம் அமைத்திருந்தார். 1991-இல் சோனி சந்தைப்படுத்தியதும் அவ்வழியே. கிராமுக்கு ஏறத்தாழ 3,860 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியத்தைக் கைவிட்டு, 372 மட்டுமே தரும் கிராஃபைட்டை நோக்கித் தொழில்துறை நகர்ந்தது. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது.

கிராஃபைட்டுக்கும் மின்பகுளியே வழிவிட வேண்டியிருந்தது. புரோப்பிலீன் கார்பனேட்டில் அதன் அடுக்குகள் உரிந்து சிதைந்தன. எத்திலீன் கார்பனேட்டோ அதன்மேல் ஒரு காப்புப் படலத்தை உருவாக்கியது. இதனை 1990-இல் விளக்கிய ஆய்வு ஜெஃப் டான் உள்ளிட்ட மோலி எனர்ஜி ஆய்வாளர்களுடையது என்பது வரலாற்றின் விந்தை. எனினும் எரியக்கூடிய கரைப்பான் கலத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

மாற்றுவழியும் அக்காலத்திலேயே தோன்றியிருந்தது. பாலி எத்திலீன் ஆக்சைடு உப்புகளுடன் சேர்ந்து அயனிகளைக் கடத்துவதை 1970-களில் பீட்டர் ரைட் குழுவினர் வெளியிட்டனர். 1978-இல் மிஷெல் அர்மான் அதனை மின்கலத்துக்குப் பரிந்துரைத்தார். ஆனால் அப்பாலிமர் ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல்தான் போதிய அளவு கடத்தும். அறை வெப்பநிலையிலேயே திரவத்துக்கு நிகராகக் கடத்தும் சல்ஃபைடு திண்மத்தை 2011-இல் ரியோஜி கன்னோ குழுவினர் அறிவித்தனர். அத்தகைய சல்ஃபைடுகளோ ஈரம் பட்டால் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும்.

2022 ஏப்ரலில், பாலிமர் மின்பகுளியும் லித்தியம் உலோகமும் கொண்ட மின்கலங்களில் ஓடிய இரு பேருந்துகள் பாரிசில் தீக்கிரையாயின. அவ்வகைப் பேருந்துகள் 149 தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. திரவத்தை நீக்கிவிட்டால் தீயும் நீங்கிவிடும் என்னும் எளிய நம்பிக்கைக்கு இது மறுப்பு. பாதுகாப்பு என்பது மின்பகுளியின் தனிப் பண்பன்று. எந்த மின்முனையோடு, எந்த வெப்பநிலையில் அது இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. புதிய மின்பகுளியைக் கடத்துதிறன் எண்ணொன்றால் மட்டும் மதிப்பிடும் ஆய்வு, 1970-களின் பெர்குளோரேட்டும் நன்றாகவே கடத்தியது என்பதை மறந்துவிடுகிறது.