வென்டி திராட்சைத் தோட்டம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே லிவர்மோர் பள்ளத்தாக்கில் உள்ள குடும்பத் தோட்டமும் ஒயின் ஆலையும். 1883இல் தொடங்கி, இடைவிடாமல் ஒரே குடும்பத்தின் கையில் நடந்துவரும் அமெரிக்க ஒயின் ஆலைகளில் மிகப் பழையது. இதற்குப் புகழ் தேடித் தந்தது புட்டியில் அடைத்த ஒயினைவிட, கவாத்து செய்து வெட்டிய ஷார்டனே குச்சிகள்தான்.

தோற்றுவித்த கார்ல் வென்டி ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். நாபாவில் சார்லஸ் க்ரூக்கிடம் தொழில் பழகிவிட்டு லிவர்மோரில் நிலம் வாங்கினார். ஐம்பது ஏக்கருக்கும் குறைவு. தண்ணீர் தேங்காத சரளை மண். பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதால், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கொடிகளை மாலையில் விரிகுடாவின் குளிர்காற்று வந்து ஆற்றும். பழத்தில் இனிப்பு ஏறினாலும் புளிப்பு போய்விடாது. வெள்ளை ஒயினுக்கு வேண்டியது இதுதான்.

ஷார்டனே, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து வெள்ளைத் திராட்சை. பேர்பெற்ற பினோ நுவாருக்கும், மட்டம் என்று ஒதுக்கப்பட்ட கூவே பிளாங்குக்கும் பிறந்தது என்பதை 1999இல் மரபணு ஆய்வு காட்டியது. சீமான்கள் மேசைக்குரிய ஒயினின் பூர்வீகத்தில் பாதி, குடியானவர் வீட்டுத் திராட்சை!

கார்லின் மகன் எர்னஸ்ட் 1912இல் பிரான்சின் மான்ட்பெல்லியே நாற்றுப்பண்ணையிலிருந்து ஷார்டனே குச்சிகளைத் தருவித்தார். பக்கத்து ஊரான பிளசன்டனின் ஒரு தோட்டத்திலிருந்தும் எடுத்தார். அதன்பின் அவர் செய்ததில் வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான்: ஆண்டுதோறும் வரிசை வரிசையாக நடந்து, நோயில்லாத, சுவை நின்ற கொடிகளுக்கு அடையாளமிட்டு, அவற்றின் குச்சிகளை மட்டுமே மறுபடி நட்டார். இவ்வழி வந்த பழைய கொடிகளின் கொத்தில் பெரிய பழங்களுக்கு நடுவே விதையில்லாத பொடிப் பழங்களும் இருக்கும். அங்குள்ளவர்கள் இதைக் கோழியும் குஞ்சும் என்பார்கள். விளைச்சல் குறையும், ஆனால் சாறு அடர்த்தியாக இருக்கும்.

1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. தேவாலய வழிபாட்டுக்கான ஒயினுக்கு விலக்கு இருந்ததால் வென்டி குடும்பம் தாக்குப்பிடித்தது. பிற தோட்டங்களில் பலர், ஒயினுக்குப் பதில் பழத்தையே தொலைவுக்கு அனுப்பி விற்றதால், ரயிலில் ஏற்றினால் நசுங்கிவிடும் மெல்லிய தோல் ரகங்களைப் பிடுங்கிவிட்டுத் தடித்த தோல் ரகங்களை நட்டார்கள். வென்டி தோட்டத்தில் ஷார்டனே பிழைத்துக்கிடந்தது.

ஊர்ப்பெயரை இரவல் வாங்கி, எந்த வெள்ளை ஒயினையும் 'சாப்லி' என்று விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது 1936இல், திராட்சை ரகத்தின் பெயரையே சீட்டில் அச்சிட்டு வென்டி ஷார்டனே வெளிவந்தது. அமெரிக்காவில் அப்படி வந்த முதல் ஷார்டனே இதுவே. பின்னர் நாபாவின் ஸ்டோனி ஹில், சோனோமாவின் ஹான்செல் போன்ற தோட்டங்களுக்கு இந்தக் கொடிவழி போய்ச் சேர்ந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஓல்மோ இந்தக் கொடிவழியிலிருந்து தேர்ந்தெடுத்தவை, வைரஸ் நீக்கப்பட்டு எண்ணிட்ட ரகங்களாக மாநிலமெங்கும் பரவின. அதிகம் காய்க்கும் நான்காம் எண் அவற்றுள் பெயர்பெற்றது.

1960களில் குடும்பம் தெற்கே மான்டரே மாவட்டத்தின் அரோயோ செக்கோவிலும் தோட்டம் போட்டது. வென்டியின் ஷார்டனே இன்று இவ்விரு இடங்களின் சொந்தப் பழத்திலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவின் ஷார்டனே கொடிகளில் முக்கால் பங்குக்கும் மேல் வென்டி வழியில் வந்தவை என்பது பொதுவான கணிப்பு.