லயத்து நோயும் துரைத்தனமும்

ஆடி, ஆவணி மாதங்களில் பதுளைப் பகுதித் தோட்டங்களில் கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித் தந்த மணம் அக்காற்றினால் விளைவது. லயத்துப் பீலிகளை வற்றச் செய்வதும் அதே காற்றுத்தான். மணத்துக்கு விலை சொல்வோர் பலர். பீலி வற்றிய நாளில் நம் பெண்கள் குடத்தோடு எந்த ஓடையில் இறங்குகின்றனர் என்று கேட்போர் சிலர். அம்மாதங்களில் என் வகுப்பு வரவுப் பதிவேட்டில் வெற்றிடங்கள் பெருகும். காரணம் கேட்டால், "வயித்தால போகுது சேர்" என்பதே பெரும்பாலும் விடை.

இந்நோய்களுக்குத் தொழிலாளியின் அறியாமையே காரணம் என்று கருதுவோர் படித்தவரிடையேயும் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். ஊவாவுக்கு வரவேண்டியவர்க்கு அங்கிருந்தும் மலைநடை காத்திருந்தது. புகைவண்டி பதுளையை எட்டியது 1924இல்தான். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களை வீழ்த்தின. 1840களில் மாண்டவர் 70,000 பேர் எனக் 'கொழும்பு ஒப்சேவர்' 1849இல் மதிப்பிட்டது. அத்தொகை பற்றி வாதிடலாம். புதைத்தவர் எவரும் கணக்கு வைக்கவில்லை என்பதில் வாதமில்லை. பின்னர் அரசு விழித்தது. விழித்து எதைக் கண்டது? நோய், கூலியோடு கடல் கடந்து வருகிறது என்பதையே. தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம் அமைத்து, ஆளைத் தடுத்து வைத்துச் சோதித்தனர். அவன் சென்று குடியேறும் லயத்தைச் சோதிப்பதில் அத்தனை அக்கறை இருக்கவில்லை.

கொழுக்கிப் புழுவின் கதை இதனைத் தெளிவாகக் காட்டும். இப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுட் புகுகிறது. இரத்தத்தோடு சென்று, நுரையீரல் வழியே குடலை அடைந்து, அங்கே பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. மலசலகூடம் இல்லாத லயம், நிழல் கவிந்த தேயிலை மலை, செருப்பறியாத கால் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் புழுவுக்கு வேறென்ன வேண்டும்? சோகை பிடித்து வெளுத்தவன் மலையேற இயலாது தள்ளாடினான். துரைமார் அவனைச் சோம்பேறி என்றனர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையர்க்கும் இதே பழி இருந்தது. 1902இல் இப்புழு அங்கே பரவியிருப்பது வெளியானபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று பெயரிட்டன.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் சிகிச்சை இயக்கத்தைத் தொடங்கினர். சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கும் புழு இருந்தது. கினப்போடிய எண்ணெயும் பேதி மருந்தும் கொடுத்தனர். புழு வெளியேறிற்று. ஆனால் மருந்து குடித்தவன் மறுநாள் நடந்ததும் அதே மண்ணில்தானே! மலசலகூடமின்றி மருந்தால் நிலையான பயனில்லை என்று அம்மருத்துவர்களே வற்புறுத்தினர். மருந்து கொடுத்தால் வேலை கூடும். ஆதலால் தோட்டத்துரைமார் அதனை வரவேற்றனர். குழி வெட்டிக் கூடம் கட்டுவதென்றால் செலவு, அங்கே தயங்கினர். 1926இல் நாட்டின் முதற் சுகாதாரப் பிரிவு களுத்துறையில் அமைந்தது. மக்களின் ஊரையே அலகாகக் கொண்டு நோய் தடுக்கும் அந்த முறை கிராமங்களில் பரவிற்று. தோட்டம் வேறு முறைக்குட்பட்டே நின்றது.

அந்த வேறு முறையை வகுத்தவை 1912ஆம் ஆண்டின் இரு கட்டளைச் சட்டங்கள். லயத்தின் துப்புரவும், நோயாளியைக் கவனித்தலும், பிள்ளை பெற்றவளைப் பேணுதலும் துரையின் கடமைகளாயின. அவை நல்ல கடமைகளே. எனினும், வேலை வாங்குபவனே நோயையும் அளப்பவனானான். பொதுச் சுகாதாரம் என்பதில் 'பொது' என்னும் சொல் தோட்ட எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

பின்வந்த சட்டங்கள் அவ்வெல்லையை மேலும் இறுக்கின. 1937இல் கிராமச் சங்க வாக்குரிமை தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவன் குழாய்நீர் கேட்டால் யார் செவிமடுப்பர்? 1974இன் பஞ்சத்தில் இதன் விலை தெரிந்தது. நாடு முழுவதும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிரம்புமுன் இறந்தவை ஐம்பது அளவில் இருக்க, தோட்டங்களில் அத்தொகை 140ஐத் தாண்டியது. நிலம் தேசியமயமாகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. முற்போக்காளர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாமும் இதைச் சற்று நின்று எண்ண வேண்டும்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டத்தினுள் சபைப் பணத்தைச் செலவிட இடம் வைக்கவில்லை. வாக்குக் கிடைத்திருந்தது, வாக்களித்த சபை லயத்துப் பாதையில் ஒரு கல்லும் இடமுடியாதிருந்தது. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னும் இத்தடை நீடித்து, 2018இல்தான் திருத்தப்பட்டது.

சென்ற கச்சானில் என் மாணவர் சிலர், தத்தம் லயத்தில் எத்தனை குடும்பத்துக்கு ஒரு பீலி, எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம் என எண்ணி எழுதி வந்தனர். அத்தாள்களை ஒரு மனுவோடு சேர்த்து உரிய சபைக்கு அனுப்பினோம். மனு கிடைத்ததாக ஒரு கடிதம் வந்துள்ளது. அடுத்த கச்சானுக்கு முன் இரண்டாவது மனுவை எழுத வேண்டும்.